யாத்திரை வழியில் நீளும் சின்னக் கைகள்

(நம் பங்கின் யூபிலி ஆண்டில் வேளாங்கண்ணித் திருயாத்திரைக்குப் புறப்பட இருந்தவர்களுக்கு, முந்தின நாள் மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை. கேட்டவர்கள் பலர் விரும்பியபடி இம்மலரில் வெளியிடப்படுகிறது.)



நாளை விடியற்காலையில் நாம் புறப்படுகிறோம். செபமாலை, பாடல் புத்தகம், மெழுகுதிரி, முடி காணிக்கை கொடுக்கும் பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி என்று எல்லாவற்றைப் பற்றியும் அன்பியப் பொறுப்பாளர்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் முடிந்து வைத்திருக்கும் சில்லறையைப் பற்றி மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் இன்று உங்களைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்திருக்கிறேன்.

சென்ற வாரம் மரியாயின் சேனைக் கூட்டம் முடிந்ததும் வயதான ஓர் அம்மா என்னிடம் வந்தார். "சாமி, வழியில பெரியவங்க கை நீட்டினா கொடுக்கிறோம், அது சரி. பச்சப் பிள்ளைங்க வந்து கை நீட்டுதே, அதுங்களுக்குக் கொடுக்கணுமா, கூடாதா? என் மகன் கொடுக்கவே கூடாதுன்றான். இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் கூசுது" என்றார். நான் அங்கேயே பதில் சொல்லாமல், "யாத்திரைக்கு முன்னால் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன் அம்மா" என்று அனுப்பிவிட்டேன். நின்ற இடத்தில் ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பக்கூடிய கேள்வி அல்ல அது.

அந்த அம்மாவுக்கு வாய் கூசுவதும் நியாயம். மகன் வேண்டாம் என்பதும் நியாயம். ஒன்று நியாயம், மற்றது அநியாயம் என்றால் அங்கே மனச்சான்றுக்கு அதிக வேலையில்லை. இரண்டு நியாயங்கள் ஒன்றோடொன்று மோதும்போதுதான் நாம் தடுமாறுகிறோம். பெரும்பாலும் அந்தத் தடுமாற்றத்திலேயே பேருந்து நகர்ந்துவிடுகிறது. கொடுத்தவர் கொடுத்தோம் என்று சமாதானம் அடைகிறார். கொடுக்காதவர் கொள்கைப்படி நடந்தோம் என்று சமாதானம் அடைகிறார். சன்னலுக்குக் கீழே நின்ற பிள்ளை அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறது.

பெரியவர்கள் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் எனக்கு அதிகத் தயக்கமில்லை. உடல் தளர்ந்தவரோ, கைவிடப்பட்டவரோ, நோயாளியோ உங்களிடம் கை நீட்டினால், உங்களால் இயன்றதைக் கொடுங்கள். அவர் யார், எந்த ஊர், முன்பு என்ன செய்தார், இந்தக் காசை என்ன செய்வார் என்று குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியா நகரில் மறையுரை ஆற்றிய புனித யோவான் கிறிசோஸ்தோம், பொன்வாய் அருளப்பர் என்று நம் முன்னோர் அழைத்த அந்த மறைவல்லுநர், ஏழையின் வறுமையே அவன் உதவி பெறப் போதுமான தகுதி என்ற கருத்தைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். அதற்குப் பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 2017-இல், மிலான் நகரில் வீடற்றவர்களை மையமாகக் கொண்டு வெளிவரும் ஒரு பத்திரிகையின் பேட்டியில் திருத்தந்தை பிரான்சிஸிடம் இதே கேள்வி கேட்கப்பட்டது. கொடுக்கும் காசைக் குடிக்கச் செலவழித்துவிட்டால் என்ன செய்வது என்ற சந்தேகத்துக்கு, கொடுப்பது எப்போதும் சரியே என்றும், கொடுக்கும்போது அந்த மனிதனின் கண்ணைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் அவர் பதில் சொன்னார். நம் நாட்டில் 2021 ஜூலையில், தெருக்களில் பிச்சைக்காரர்கள் வராதபடி தடுக்க வேண்டும் என்று கோரிய வழக்கில், இதில் மேட்டுக்குடிப் பார்வையை மேற்கொள்ள முடியாது, வறுமைதான் மக்களைக் கையேந்த வைக்கிறது என்ற கருத்தை உச்ச நீதிமன்றமே தெரிவித்தது. ஆகவே பெரியவர்கள் விஷயத்தில் நம் மக்களின் பழைய வழக்கம் நல்ல வழக்கமே. அதை விட வேண்டாம்.

குழந்தை விஷயத்தில் இதே நியாயம் ஏன் செல்லாது?

பெரியவர் ஒருவர் நம்மிடம் காசு வாங்கினால் அது அவருடைய காசு. அவர் சோறு வாங்கலாம், மருந்து வாங்கலாம், புகையிலையும் வாங்கலாம். நல்லதோ கெட்டதோ, தீர்மானம் அவருடையது. குழந்தையோ அந்த வேலையைத் தானாகத் தேர்ந்துகொள்ளவில்லை. அதன் வருமானத்தைத் தானாகச் செலவழிப்பதும் இல்லை. நாளைக்கு நீங்களே கவனித்துப் பாருங்கள். நாணயம் கையில் விழுந்ததும் அந்தப் பிள்ளையின் கண் உங்களை விட்டு எங்கே திரும்புகிறது? மிட்டாய்க் கடைப் பக்கமா? அநேகமாக இல்லை. சுவரோரத்தில், மரத்தடியில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய ஆளின் பக்கம் திரும்பும். அது தாயாக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம், உறவே இல்லாதவராகவும் இருக்கலாம். நீங்கள் பிள்ளைக்குக் கொடுத்ததாக நினைக்கிறீர்கள். பிள்ளை வழியாக இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பிள்ளையை அங்கே நிறுத்தியது லாபம்தான் என்று அவருக்குச் சொல்லியும் விட்டீர்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு பேருந்தில் ஐம்பது பேர். ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தால் 100 ரூபாய். விழாக் காலத்தில் ஒரு நிறுத்தத்தில் ஒரு நாளைக்கு இருபது பேருந்துகள் நின்றுபோனால் 2,000 ரூபாய். எல்லோரும் கொடுக்க மாட்டார்கள். பாதிப் பேர் என்று வைத்தாலும் 1,000 ரூபாய். கட்டட வேலைக்குப் போகும் தாய் நாள் முழுவதும் செங்கல் சுமந்தாலும் அவ்வளவு கிடைக்குமா என்பதை இங்கே உட்கார்ந்திருக்கும் சகோதரிகள் எனக்குச் சொல்லுங்கள். ஏழு வயதுப் பிள்ளை தாயைவிட அதிகம் சம்பாதிக்கிற வீட்டில், அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு என்று யார் போய்ச் சொல்வது? சொன்னால் எடுபடுமா? நாம் தலைக்கு 2 ரூபாய் வீதம் போட்டு அந்தப் பள்ளிக்கூடத்தின் கதவை வெளியிலிருந்து சாத்துகிறோம். ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஐம்பது நல்ல மனங்கள் சேர்ந்து செய்கிற காரியம் அது.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. நாம் அந்தக் காசைக் கொடுப்பது உண்மையில் பிள்ளையின் வறுமைக்காக அல்ல, அதன் சின்ன உருவத்துக்காக. ஏழு வயதில் கொடுப்போம். பதின்மூன்று வயதில், மீசை அரும்பத் தொடங்கியதும், அதே பையன் அதே இடத்தில் கை நீட்டினால், "தடிப்பயல் மாதிரி இருக்கியே, உழைச்சுச் சாப்பிடேன்டா" என்போம். உழைக்கக் கற்க வேண்டிய வயதில் அவனை ரோட்டில் நிறுத்த வாடகை கொடுத்தவர்களும் நாமே. வாடகை முடிந்ததும் அவனைத் திட்டுகிறவர்களும் நாமே.

ஒருமுறை திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குப் பயணிகள் இரயிலில் போனபோது, எட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தன் பழைய சட்டையைக் கழற்றி, அதையே துடைப்பமாக்கி, தரையில் கிடந்த கடலைத் தோலைக் கூட்டிக்கொண்டு வந்தான். இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் முன்னால் வந்து கை நீட்டினான். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "என்னப்பா படிக்கிறே?" என்றேன். "ரெண்டாவது வரைக்கும் படிச்சேன்." "இப்ப?" "இப்ப டூட்டி" என்றான். டூட்டி என்ற சொல்லை அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. அரசு ஊழியர் சொல்வதுபோல் அத்தனை இயல்பாகச் சொன்னான். எனக்குக் கொடுத்திருந்த பொட்டலத்தில் இரண்டு வாழைப்பழம் இருந்தது. ஒன்றை உரித்துக் கொடுத்தேன். நின்றபடியே நாலு வாயில் தின்றுவிட்டு, தோலை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். தரையில் போட்டால் தானே மறுபடியும் கூட்ட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். பூதலூர் நிலையத்தில் இறங்கிப் போய்விட்டான்.

இது இன்று நேற்று வந்த நோய் அல்ல. சற்று முன் சொன்ன அதே பொன்வாய் அருளப்பர், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தை விளக்கும் ஒரு மறையுரையில், தம் நகரத்தில் சிலர் பெற்ற குழந்தைகளின் கண்களையே குருடாக்கிப் பிச்சைக்கு அமர்த்தினார்கள் என்று மனம் நொந்து பேசுகிறார். பெற்றவர்களை மட்டும் அவர் குற்றம் சொல்லவில்லை. சாதாரணமான பசியையும் நிர்வாணத்தையும் பார்த்து இரங்காத நம் கல்நெஞ்சுதான் அவர்களை அந்தக் கொடூரத்துக்குத் தள்ளியது என்று, எதிரில் உட்கார்ந்திருந்த செல்வர்களின் பக்கம் திரும்புகிறார். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில், தெருவில் வீசப்பட்ட குழந்தைகள் கொஞ்சக் காசுக்குப் பிச்சைக்காரர்களிடம் விற்கப்பட்டார்கள். இரக்கத்தைத் தூண்டுவதற்காக அவர்களின் கைகால்கள் முறிக்கப்பட்டன. இதைக் கேள்விப்பட்ட புனித வின்சென்ட் தே பவுல், புனித லூயிஸ் தே மரிலாக்கோடும் அவருடைய சகோதரிகளோடும் சேர்ந்து, 1638-இல் அந்தக் குழந்தைகளை எடுத்து வளர்க்கத் தொடங்கினார். தெருமுனையில் நின்று அந்தக் குழந்தைகளின் தட்டில் காசு போடுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் தட்டை விட்டுவிட்டுத் தொட்டிலைத் தேடிப் போனார். அவர் பெயரால் 1833-இல் பாரிஸ் மாணவர்கள் சிலரோடு பிரெடரிக் ஓசானாம் தொடங்கிய சபை நம் பங்கிலும் இருக்கிறது. ஏழையின் வீடு தேடிப் போவதுதான் தொடக்கம் முதலே அந்தச் சபையின் பணி.

நம் நாட்டுச் சட்டமும் இதை அறிந்தே எழுதப்பட்டது. சிறுவரைக் கடத்தியோ ஊனப்படுத்தியோ பிச்சைக்குப் பயன்படுத்துவதைப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 363-ஏ பிரிவு தண்டித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 139-ஆம் பிரிவு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, ஒரு குழந்தையைப் பிச்சைக்கு அமர்த்துகிறவருக்கு 5 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. முக்கியமாக நீங்கள் நினைவில் கொள்ள வேண்டியது, பிச்சையெடுக்கும் குழந்தை அந்தச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி அல்ல. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. அதற்குச் சிறை இல்லை, தண்டனை இல்லை.

இதைக் கேட்டதும் சிலருக்கு வேறொரு புத்தி வந்துவிடும். "சாமியே சொல்லிட்டாரு, எல்லாம் பிள்ளை பிடிக்கிற கும்பல்" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். தயவு செய்து வேண்டாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம் நடந்ததை மறந்துவிடாதீர்கள். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு உறவினரோடு வந்த, அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, வழியில் கண்ட பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கைப்பேசியில் பரவிய புரளியை நம்பியிருந்த ஊர், அவரைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று எண்ணி அடித்தே கொன்றுவிட்டது. அவரும் நம்மைப் போலப் பயணம் போனவர்தான். நம்மைப் போலப் பிள்ளைகளைப் பார்த்து இரங்கியவர்தான். நாம் பேருந்து நிலையத்தில் பார்க்கும் பிள்ளைகளில் பலர் சொந்தத் தாயின் பக்கத்தில் இருப்பவர்கள். அந்தத் தாய் கொடுமைக்காரியாக இருக்க வேண்டியதில்லை; வேறு வழி தெரியாதவளாக இருக்கலாம். கும்பலா குடும்பமா என்பதைப் பேருந்து சன்னலிலிருந்து தீர்மானிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாசிமணியும் ஊசியும் விற்க வரும் சகோதரிகளைப் பிச்சைக்காரர்களோடு சேர்த்து விரட்டாதீர்கள். அவர்கள் வியாபாரிகள். வேண்டுமானால் வாங்குங்கள், 10 ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசாதீர்கள்.

சரி, "பாத்திரம் அறிந்து பிச்சையிடு" என்று நம் ஊரில் சொல்வது இதுதானே என்று கேட்பீர்கள். திருச்சபையின் மிகப் பழைய நூல்களில் ஒன்றான திதாக்கே என்னும் திருத்தூதர் படிப்பினை நூலும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது. அது முதலில் கேட்பவருக்கெல்லாம் கொடு என்கிறது. அடுத்த சில வரிகளிலேயே, யாருக்குக் கொடுக்கிறோம் என்பது தெரியும்வரை காசு உன் கையிலேயே வேர்க்கட்டும் என்ற பொருளில் எச்சரிக்கிறது. குருமடத்தில் இதைப் படித்த நாட்களில் இரண்டும் முரண்படுகின்றன என்று நாங்கள் வாதாடினோம். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் காசு வேர்க்க வேண்டுமானால் காசு கையில் இருக்க வேண்டும். அது பைக்குள் திரும்பிவிட்டால் வேர்க்காது. கொடுக்காமல் இருப்பதற்கு அந்த நூல் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. யாரிடம் சேர்ப்பது என்று தேடும் வேலையைத்தான் கொடுக்கிறது.

இந்த இடத்தில் எனக்கே கனமாக இருக்கும் ஓர் ஆட்சேபத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். "சாமி, நாங்க காசு கொடுக்கலேன்னா அந்தப் பிள்ளை வெறுங்கையோட போகும். ராத்திரி அடி வாங்கப் போறது அதுதானே?" உண்மை. ஒழுக்க இறையியலில் தீமைக்கு உடந்தையாவது பற்றி ஒரு பாடம் உண்டு. தீமையைத் தானும் விரும்பி உடன் நிற்பது ஒன்று. தீமையை விரும்பாமலேயே, தன் செயல் அதற்குப் பயன்பட்டுவிடுவது மற்றொன்று. நாணயம் போடும் நீங்கள் இரண்டாவது வகை. அது எப்போதும் பாவமாகாது. ஆனால் தக்க காரணமில்லாமல் அதைச் செய்யலாகாது என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். இங்கே தக்க காரணம் இருக்கிறதா? இன்று இரவு ஓர் அடியைத் தவிர்ப்பது காரணம்தான். ஆனால் அந்த அடி நாளைக்கும் காத்திருக்கிறது; நாளைய நாணயத்தையும் கேட்கும். ஒவ்வொரு நாளும் கப்பம் கட்டி அடியைத் தள்ளிப்போட்டால், பிள்ளைக்குப் பதின்மூன்று வயதாகும் வரை கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எனவே குழந்தையின் கையில் காசு கொடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அப்படி மறுக்கும்போது, அதன் விலையை நாம் கொடுக்கவில்லை, அந்தப் பிள்ளை கொடுக்கிறது. மறுத்துவிட்டுக் கண்ணாடியை இழுத்து மூடிக்கொள்கிறவர், கொடுத்தவரைவிட எந்த வகையிலும் மேலானவர் அல்லர். காசு கொடுத்தவர் 2 ரூபாயோடு விடுபட்டுவிட்டார். கொடுக்காதவர் அந்தப் பிள்ளைக்குக் கடன்பட்டிருக்கிறார்.

அந்தக் கடனை எப்படி அடைப்பது?

முதலில் பிள்ளையைப் பாருங்கள், பேசுங்கள். பெயர் கேளுங்கள். "போ, போ" என்று கொசு விரட்டுவதுபோல் கையை ஆட்டாதீர்கள். நாள் முழுவதும் நூறு கைகள் அப்படி ஆடுவதைப் பார்த்து வளரும் பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கும்? நேரம் இருந்தால் சாப்பிட வாங்கிக் கொடுங்கள். அதுவும் முடிந்தவரை உங்கள் கண்முன் சாப்பிடும்படியாக. பிரிக்காத பிஸ்கட் பொட்டலம் மறுபடியும் கடைக்குத் திரும்பிப் போய்க் காசாக மாறிவிடும் என்பது பலருக்குத் தெரியும். பிரித்துக் கொடுங்கள், பழத்தை உரித்துக் கொடுங்கள், இட்லியை இலையில் வைத்துக் கொடுங்கள். தாய் பக்கத்தில் இருந்தால் முதலில் அவளிடம் கேளுங்கள்: "தங்கச்சி, பிள்ளைக்கு ரெண்டு இட்லி வாங்கித் தரட்டுமா?" என்று. அவள் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். அவளுக்கே ஏதாவது கொடுக்க நினைத்தால், அவள் கையில் நேராகக் கொடுங்கள். பிள்ளையை அனுப்பி வாங்கச் சொன்னால் கிடைக்காது, தானே கேட்டால் கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியட்டும். இது சின்ன வித்தியாசமாகத் தோன்றலாம். பிள்ளையைச் சம்பாதிக்கிற ஆளாக ஆக்காமல் இருப்பதற்கு நம் கையில் இருக்கிற வழி அது ஒன்றுதான்.

அடுத்தது 1098. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் நினைவு வைத்துக்கொள்ளுங்கள். 1996-இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் முயற்சியாகத் தொடங்கிய இந்தக் குழந்தைகள் உதவித் தொலைபேசியை 2023 முதல் அரசே நேரடியாக நடத்துகிறது. காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். எந்த இடம், எத்தனை வயது இருக்கும், யாரோடு இருக்கிறது என்ற மூன்றைச் சொன்னால் போதும். இரயிலில் பார்த்தால் 139-ஐயும் அழைக்கலாம். நண்பகல் வெயிலில், ஆரன் சத்தத்துக்கு நடுவில், அசையாமல் தோளில் தூங்கிக்கொண்டே இருக்கும் கைக்குழந்தையைப் பார்த்தால் தயங்காமல் அழையுங்கள். காய்ச்சலோ, பட்டினியோ, வேறு எதுவோ, அந்தக் குழந்தை நலமாக இல்லை. தெருவிலிருந்து மீட்கப்படும் குழந்தை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரப்பட வேண்டும் என்பது சட்டம். தாயையும் பிள்ளையையும் பிரிப்பது அந்தக் குழுவின் நோக்கமல்ல. கூடியவரை குடும்பத்தோடு சேர்த்து வைக்கவே சட்டம் சொல்கிறது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு, குடும்பத்தோடு இருந்தபடியே படிக்க ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தரும் உதவி 2022-இல் வகுத்த மிஷன் வத்சல்யா நெறிமுறைகளில் இருக்கிறது. அதை அந்தத் தாய் எந்த நாளிதழில் படிக்கப் போகிறாள்? அதைச் சொல்லக்கூட யாரும் அவளிடம் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள்.

அழைத்தால் உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. வண்டி வரத் தாமதமாகலாம். அதற்குள் அவர்கள் வேறு இடம் போயிருக்கலாம். மீட்ட பிள்ளை மூன்று மாதத்தில் அதே நிறுத்தத்துக்குத் திரும்பி வந்ததையும் நான் அறிவேன். அதற்காக அழைக்காமல் இருக்கலாமா? இன்னும் ஒன்று, படம் எடுக்காதீர்கள். பாவமாக இருக்கிறது என்று கைப்பேசியில் படம் பிடித்து, குழுவில் போட்டு, கண்ணீர் விடும் பொம்மையைப் பக்கத்தில் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படிப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும், நம் வீட்டுப் பிள்ளை கிழிந்த சட்டையோடு நிற்கும்போது யாரோ படம் எடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மாநிலத்தில் காமராசர் காலத்தில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் மதுரையில் தொடங்கி வைக்கப்பட்டு, பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் சென்றது. பசியைக் காட்டிப் பிள்ளையைப் பள்ளிக்கு இழுக்க அரசுகள் மாறி மாறி இவ்வளவு செய்திருக்கின்றன. நம் நாணயம் அந்த உப்புமாவோடும் கிச்சடியோடும் போட்டி போட்டு, பிள்ளையை ரோட்டுக்கு இழுக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பிறப்புச் சான்று இல்லை என்று எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்க்க வேண்டும். இது ஆசிரியர்களாகிய உங்களுக்குத் தெரியும்; மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

நாளை மாலை நாம் போய்ச் சேரும் திருத்தலத்தின் மரபை நினைத்துப் பாருங்கள். மாதா குளத்தில் அன்னையைக் கண்டதாகச் சொல்லப்படுபவன் பால் சுமந்து போன ஒரு சிறுவன். நடுத்திட்டில் கண்டவன் கால் ஊனமான, மோர் விற்ற ஏழை விதவையின் மகன். இருவரும் பள்ளிக்குப் போகாமல் வேலைக்குப் போன பிள்ளைகள். யாத்திரிகர்களாகிய நாம் இந்தக் கதையை எத்தனையோ முறை பாட்டாகவும் நாடகமாகவும் கேட்டிருக்கிறோம். அன்னை அந்தப் பையனுக்குக் காசு போட்டுவிட்டுப் போகவில்லை. அவனிடம் பேசினாள், தன் குழந்தைக்கு ஒரு கிண்ணம் மோர் கேட்டாள், நாகப்பட்டினத்துக்கு ஒரு செய்தி கொண்டுபோகச் சொன்னாள். எழுந்து போகும்போதுதான் தனக்குக் கால் வந்ததை அவன் கண்டான் என்று மரபு சொல்கிறது. கடற்கரைச் சாலையில் நாளைக்கு உங்களிடம் வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது இந்தப் பையன்களின் நினைவு வந்தால் நல்லது.

இனி ஏற்பாடு. நம் மூன்று பேருந்துகளிலும் வின்சென்ட் தே பவுல் சபையார் ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு தகர உண்டியல் வைப்பார்கள். வழியில் ஒரு குழந்தைக்குக் காசு கொடுக்க உங்கள் கை போய், கொடுக்காமல் திரும்பினால், அந்தக் காசை அதே நிமிடத்தில் அந்த உண்டியலில் போட்டுவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பைக்குள் போட்டுவிடாதீர்கள். அது டீயாகவும் முறுக்காகவும் கரைந்துவிடும். அந்தப் பணம் வேறு எதற்கும் போகாது. நம் பங்கின் எல்லையிலேயே செங்கல் சூளைப் பக்கம் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் நம் கோயிலுக்கு வருகிறவர்கள் அல்லர். அதைப் பற்றிக் கவலையில்லை. அவர்களின் நோட்டுப் புத்தகத்துக்கும், பேருந்துக் கட்டணத்துக்கும், மாலை வகுப்பு எடுக்க ஒத்துக்கொண்ட நம் இளைஞர்கள் இருவருக்கு ஆகும் செலவுக்கும் அது போகும். ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு தார் வாழைப்பழம் ஏற்றுகிறோம். அது நமக்கல்ல, யாரும் இரவில் பசிக்கிறது என்று அதில் கை வைக்க வேண்டாம். 1098 என்ற எண்ணை இளைஞர் இயக்கத்தார் அட்டையில் எழுதி முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். கைப்பேசி இல்லாதவர்கள் அன்பியப் பொறுப்பாளரிடம் சொன்னால் அவர் அழைப்பார்.

உண்டியல் திரும்பி வந்ததும் பங்குப் பேரவையின் முன் திறந்து எண்ணப்படும். கணக்கு அடுத்த ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு வாசிக்கப்படும். வண்டிகள் சரியாக நாலரை மணிக்குப் புறப்படும். மூன்றாவது வண்டிக்காரர்கள் சென்ற ஆண்டைப் போல் ஐந்தரை ஆக்கிவிடாதீர்கள்.